அசைவதைப் படம் எடுக்க: எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது

அக்காவின் மகன் ஒரு பின்னேரம் கோட்டைக்குள் போய் மான்களைப் படம் எடுத்துவிட்டு வந்தான். திருகோணமலையில் திருக்கோணேஸ்வரத்துக்குப் போகிற வழியில், பிரெடரிக் கோட்டைக்குள் கூட்டமாக மேயும் அந்தப் புள்ளிமான்கள்தான். எண்பது படத்துக்கு மேல் எடுத்திருந்தான். ஒன்றிலாவது மானின் கண் தெளிவாக இல்லை. “மாமா, இந்தக் கமரா பழுதோ?” என்று கேட்டான். கமராவில் ஒரு பழுதும் இல்லை. அன்றிரவு அவனுக்குச் சொன்னதை, புதிதாகக் கமரா பிடிக்கும் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மங்கல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது மூன்று விதமாக வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அவன் எடுத்த ஒரு படத்தில் பின்னால் இருந்த கருங்கல் மதில் தெளிவாக இருந்தது. கல்லின் வெடிப்பைக்கூட எண்ணலாம். மான் மட்டும் இழுபட்டிருந்தது. மான் அசைந்த வேகத்துக்கு ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு திறந்து மூடும் வேகம், போதவில்லை என்று அர்த்தம். இன்னொன்றில் மான், மதில், மரம் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தன. அது கை அசைந்ததால் வந்தது. மூன்றாவதில் மானுக்கு முன்னால் இருந்த புல் ஊசி மாதிரிக் கூர்மையாக இருந்தது, மான் பஞ்சு மாதிரி இருந்தது. அங்கே அசைவு ஒன்றுமில்லை, போகஸ் புல்லில் போய் விழுந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த மங்கலைக் கண்டாலும் ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். போகஸ் தவறிய படத்தை எந்த ஷட்டர் வேகமும் காப்பாற்றாது. அதனால் படம் கெட்டுப்போனால் அழிப்பதற்கு முன் பெரிதாக்கி, படத்தில் எது தெளிவாக இருக்கிறது என்று தேடுங்கள். காரணத்தை அதுவே காட்டிவிடும்.

ஷட்டர் திறந்திருக்கும்போது நடப்பது

ஷட்டர் திறந்து மூடும் அந்தச் சின்ன நேரத்தில், அசைகிற பொருளின் பிம்பம், கமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சரில் கொஞ்சத் தூரம் நகர்ந்துவிடுகிறது. அப்படி நகர்ந்த தூரத்தைத்தான் நாம் மங்கல் என்கிறோம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓர் ஓட்டோ உங்கள் முன்னால் குறுக்கே போகிறது என்று வையுங்கள். அது ஒரு செக்கனுக்கு 10 மீட்டர். ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருந்தால், அதற்குள் ஓட்டோ 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/250 என்றால் 4 சென்டிமீட்டர். 1/1000 என்றால் 1 சென்டிமீட்டர்.

இனி இதைப் படத்துக்குள் கொண்டுவருவோம். உங்கள் கமராப் படத்தின் அகலம் 6000 பிக்சல். ஓட்டோவின் நீளம் ஏறக்குறைய 2.6 மீட்டர். அது படத்தில் பாதி அகலத்தை நிரப்புகிறது என்றால், ஒரு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு பிக்சல் அளவு வரும். 1/60 இல் எடுத்த ஓட்டோ 190 பிக்சலுக்கு மேல் இழுபட்டிருக்கும், சாரதியின் முகம் அடையாளம் தெரியாது. 1/250 இல் கிட்டத்தட்ட 46 பிக்சல். 1/1000 இல் 12 பிக்சல்தான், போன் திரையில் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

அதே ஓட்டோ தூரத்தில் போகிறது, படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது என்றால்? இப்போது 1/250 இலேயே இழுபடல் ஏறக்குறைய 9 பிக்சல்தான். ஓட்டோவின் வேகம் மாறவில்லை, படத்துக்குள் அது நகரும் வேகம்தான் குறைந்திருக்கிறது. ஆகவே “ஓட்டோவுக்கு எத்தனையில் எடுக்க வேண்டும்?” என்று யாராவது கேட்டால், “எவ்வளவு கிட்ட நின்று, எந்தப் பக்கத்திலிருந்து?” என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எந்தப் பக்கத்திலிருந்து என்பது சின்ன விசயம் இல்லை. குறுக்கே போகும்போதுதான் இழுபடல் ஆகக் கூட. உங்களை நோக்கிக் கொஞ்சம் சரிவாக, அதாவது வருகிற கோட்டிலிருந்து 30 பாகை விலகி நின்று எடுத்தால் பாதியாகிவிடும். நேராக உங்களை நோக்கி வந்தால் பக்கவாட்டு இழுபடல் ஏறக்குறைய இல்லை. ஆனால் அப்போது தூரம் நொடிக்கு நொடி குறைவதால் போகஸுக்கு வேலை கூடும். எனக்குப் பிடித்தது சரிவாக வருவதுதான். முகமும் தெரியும், உடம்பின் ஓட்டமும் தெரியும், கமராவுக்கும் பாரம் குறைவு.

தொடங்குவதற்கு மட்டும் சில எண்கள். நடக்கிறவருக்கு 1/250. ஓடுகிற பிள்ளைக்கும் மானுக்கும் 1/500 முதல் 1/1000 வரை. பறக்கிற பறவைக்கு 1/2000. ஓடுகிறவரின் உடம்பை விட, முன்னுக்கு வீசும் காலும் கையும் இன்னும் கெதியாகப் போகும். நிலத்தில் ஊன்றிய கால் அந்தக் கணத்தில் அசையவே அசையாது. 1/500 இல் முகம் தெளிவாகவும் வீசும் கால் சற்றுக் கலங்கியும் வந்தால் அதைக் கெட்ட படம் என்று அழித்துவிடாதீர்கள். ஓட்டம் அங்கேதான் இருக்கிறது.

அசைவு தானாக நிற்கும் கணம்

டச் பே கரையில் பின்னேரம் பந்தடிக்கும் பெடியன்களைப் பாருங்கள். ஒருவன் தலையால் அடிக்க மேலே எழும்புகிறான். எழும்பும்போதும் வேகம், விழும்போதும் வேகம். ஆனால் உச்சியில் ஒரு கணம் மேலும் போகாமல் கீழும் வராமல் நிற்கிறான். உச்சிக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு செக்கனை எடுத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் அவன் உடம்பு உச்சியிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். இயற்கையே உங்களுக்காக ஷட்டரைப் பாதி மூடித் தருகிறது. ஊஞ்சல் திரும்பும் முனை, மட்டையை ஓங்கி அடிக்கப் போகும் முன் கை தயங்கும் இடம், அலை உடையும் முன் நிமிர்ந்து நிற்கும் நேரம் எல்லாம் இதே வகைதான்.

1878 இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் ஓட்டப் பாதை ஓரமாகப் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்து, குதிரை ஓடும்போது குறுக்கே கட்டிய நூல்கள் இழுபட ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்புகின்றன என்பது அதில் தெரிந்தது. அதை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஓவியர்கள் அதுவரை கால்களை முன்னும் பின்னும் நீட்டி, பறப்பது போல வரைந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் கால்கள் அந்தரத்தில் நிற்பது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது. அசைவு என்று மனம் நினைத்து வைத்திருப்பதும் அசைவின் உண்மையான உருவமும் ஒன்றில்லை. அதனால் படம் எடுக்கத் தொடங்கும் முன் பத்து நிமிடம் கமராவைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பாருங்கள். எது திரும்பத் திரும்ப நடக்கிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்று பிடிபடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணில் பட்ட பிறகு விரல் அமுக்குவதற்கு ஐந்தில் ஒரு செக்கன் போய்விடும். மேலே சொன்ன ஓட்டோ அதற்குள் 2 மீட்டர் போயிருக்கும். ‘இதுதான்’ என்று கண்ட பிறகு அமுக்கினால் படத்தில் விழுவது அதற்கு அடுத்த கணம். வரப்போகிறது என்று தெரிந்து, கொஞ்சம் முந்தி அமுக்க வேண்டும். தொடர்ந்து பல படம் எடுக்கும் வசதி உதவிதான், ஆனால் தொடர் தொடங்க வேண்டிய நேரத்தையும் நீங்கள்தான் தெரிய வேண்டும்.

வெளிச்சமும் போகஸும்

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறக்கலாம், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்வை, கூட்டலாம். திருகோணமலையின் பகல் வெயிலில் இது பிரச்சினையே இல்லை. ஐஎஸ்ஓ 400, துவாரம் எஃப் 5.6 என்று வைத்தால் 1/2000 தாராளமாகக் கிடைக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் இடறும். அப்போது பலர் ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படுகிறார்கள். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் விழும், அதைப் பிறகு ஓரளவு சீர்செய்யலாம். இழுபட்ட கண்ணைச் சீர்செய்வது மிகக் கடினம். நான் 3200 வரை யோசிக்காமல் ஏற்றுவேன்.

கை அசைவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 300 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/300 ஐ விட மெதுவாகப் போகாதீர்கள். அதிர்வைத் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் இறங்கலாம். ஆனால் அது தடுப்பது உங்கள் கையின் அசைவை மட்டும். மான் ஓடுவதை அது நிறுத்தாது. கடையில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, வாங்கியவர் ஏமாந்துபோகிறார்.

போகஸில் ஒரே ஒரு மாற்றம் போதும். பாதி அமுக்கினால் ஒருமுறை பூட்டிக்கொள்ளும் முறை, நிற்கிற பொருளுக்கு. அசைகிற பொருளுக்கு, விடாமல் தொடர்ந்து திருத்திக்கொண்டே போகும் முறை வேண்டும். நிக்கோனிலும் சோனியிலும் அது ஏஎஃப்-சி, கெனானில் ஏஐ சேர்வோ அல்லது சேர்வோ என்று இருக்கும். மருமகனின் கமராவில் இதுதான் மாறியிருந்தது. அவன் பூட்டிய பிறகு மான் இரண்டு அடி நகர்ந்திருக்கிறது, போகஸ் பழைய இடத்திலேயே நின்றிருக்கிறது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்து அதைக் கண்ணில் பிடியுங்கள். புல்லுக்குள்ளே, வலைக்குப் பின்னாலே நிற்கும் பொருளுக்கு இதுதான் பத்திரம்.

போனில் எடுக்கிறவர்கள், இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, அசைகிற ஆள் அதில் ஆவி மாதிரி வருவார். நல்ல வெளிச்சத்தில் எடுங்கள், விரலால் விரித்துப் பெரிதாக்காமல் இரண்டடி கிட்டப் போங்கள், ஆள் வரப்போகும் இடத்தில் திரையை அழுத்திப் பிடித்துப் போகஸைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். போனின் சென்சர் படத்தை வரிவரியாக வாசிப்பதால், கிட்டத்தில் வேகமாகக் குறுக்கே போகும் ஓட்டோவின் தூண்கள் சரிந்து தெரியும். அதையும் சரிவாக நின்று எடுத்துக் குறைக்கலாம்.

கரைவலை இழுக்கும் இடத்தில்

இனிப் படத்தின் அமைப்பு. கூர்மையைத் தனியாகவும் அமைப்பைத் தனியாகவும் படிப்பிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டையும் தீர்மானிப்பது நீங்கள் நிற்கிற இடம்.

உப்புவெளிப் பக்கம் விடியக் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்று, குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பார்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் ஒருவர் மேல் ஒருவர் ஒட்டி, எத்தனை பேர் என்று தெரியாத ஒரு திரளாகத்தான் படம் வரும். கயிற்றின் கடல் பக்க நுனிக்கு நாலைந்து அடி தள்ளிப் போய், வரிசையைச் சரிவாகப் பார்க்க நில்லுங்கள். இப்போது முகங்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். கயிறு படத்தின் மூலையிலிருந்து உள்ளே ஓடிப் பார்ப்பவரின் கண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். இழுப்பவர்கள் படத்தில் குறுக்கே போகாமல் சரிவாக அசைவதால் இழுபடலும் குறையும். ஓர் இடமாற்றத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிட்டது.

அடுத்தது கடல் கோடு. நின்ற உயரத்தில் எடுத்தால் அது சரியாக ஆட்களின் கழுத்தை வெட்டிக்கொண்டு போகும். முழங்காலில் இருங்கள், கோடு இடுப்புக்கு இறங்கித் தலைகள் வானத்தில் வரும். இழுக்கிற உடம்பின் சாய்வு வெறும் வானத்தின் மேல் தெரிவதற்கு ஈடு இல்லை. பின்னால் ஹோட்டல் பலகையோ நீலப் பிளாஸ்டிக் பீப்பாயோ இருந்தால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், பெரும்பாலும் ஒரு தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்புறம் காதைக் கொடுங்கள். அம்பா சொல்லி இழுக்கிற இடமாக இருந்தால் பாட்டின் தாளத்தில் எல்லோரும் ஒன்றாகச் சாய்வார்கள். சாய்ந்து முடித்து, கயிறு விறைத்து, அடுத்த அடி வைக்கும் முன் ஒரு நிறுத்தம் வரும். அமுக்க வேண்டியது அங்கேதான். 1/250 கூடப் போதும். எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அது அவர்களின் உழைக்கும் நேரம். கயிற்றுக்குக் குறுக்கே போகவும் கூடாது.

விடிய நம் கரைகளில் சூரியன் கடல் பக்கம் இருக்கும். வருகிற வள்ளங்கள் கரிய உருவங்களாகத்தான் விழும். அந்த உருவங்களே வேண்டுமென்றால் விடியப் போங்கள், ஆட்கள் ஒருவரோடொருவர் ஒட்டாமல் பிரிந்து நிற்கும் கணத்தைப் பாருங்கள். முகம் வேண்டுமென்றால் மூன்று மணிக்குப் பிறகு போங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து போகும்.

போகிற திசையில் இடம் விட வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. ஓடுகிற பிள்ளையின் மூக்கு படத்தின் ஓரத்தில் முட்டினால் பார்க்கிறவருக்கு மூச்சு முட்டும், உண்மைதான். ஆனால் வேகமாகப் போகும் வள்ளத்தின் பின்னால் நீளும் வெள்ளை நுரைக் கோடுதான் அதன் வேகத்தைச் சொல்கிறது. அங்கே நான் பின்னால்தான் இடம் விடுவேன். எது கதை சொல்கிறதோ அதற்கு இடம் கொடுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் தளர்வாக, சுற்றிலும் இடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. நெருக்கிப் பிடித்து வாலையோ குளம்பையோ இழந்தால் திரும்பக் கிடைக்காது.

இழுபடலை வேண்டுமென்றே வைத்துக்கொள்வதும் ஒரு முறை. உட்துறைமுக வீதியில் ஒருவர் சைக்கிளில் போகிறார். ஷட்டரை 1/30 இல் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்பி, அவர் போகும் வேகத்திலேயே கமராவைக் கொண்டுபோய், நடுவில் அமுக்கி, அமுக்கிய பிறகும் நிறுத்தாமல் திரும்பிக்கொண்டே இருங்கள். ஆள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். கணக்கு அதேதான். பிம்பம் சென்சரில் நகராதது ஆளுக்கு மட்டும், வீதிக்கு நகர்கிறது. இதற்கு மட்டும் நேர் குறுக்கே போவதே நல்லது. இருபது எடுத்தால் இரண்டு தேறும், அது நல்ல கணக்கு.

கடலில் டொல்பின் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். வள்ளத்தின் விளிம்பில் கையை ஊன்றாதீர்கள், எஞ்சினின் அதிர்வு முழுக்கக் கமராவுக்கு வரும். முழங்காலைத் தளர்த்தி நின்று உடம்பு அலையைக் குடிக்க விடுங்கள். சுழன்று குதிக்கும் டொல்பின் ஒருமுறை எழும்பினால் பெரும்பாலும் அடுத்தடுத்து எழும்பும். முதல் குதியை விட்டுவிட்டு, அது போகும் திசையில் சற்று முன்னால் குறிவைத்து இரண்டாவதுக்குக் காத்திருங்கள்.

கரைக்குப் போய் வந்தால் லென்ஸைப் பாருங்கள். உப்புத் துமி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும், அது படம் முழுவதையும் வெளிறச் செய்யும். ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி வியர்க்கும், பைக்குள் வைத்தபடியே அரைமணி விடுங்கள். உச்சி வெயிலில் சுடுமணலுக்கு மேலால் நீண்ட லென்ஸில் எடுத்த படம் அலையலையாக வந்தால், அது சூடான காற்றின் வேலை. கிட்டப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்த கிழமை மருமகனோடு நானும் கோட்டைக்குப் போனேன். அது இராணுவ முகாம் இருக்கும் இடம், கமராவை மான் பக்கம் மட்டும் திருப்பினோம். தீனி கொடுக்கவில்லை, பிளாஷ் போடவில்லை. ஆறு மணி ஆகிக்கொண்டிருந்தது, ஐஎஸ்ஓ 3200 இலும் ஷட்டர் 1/160 க்கு மேல் ஏறவில்லை. ஓடுகிற மானை அந்த வெளிச்சத்தில் பிடிக்க முடியாது. அவனை மதில் ஓரமாக, மரங்களின் இருண்ட நிழல் மானுக்குப் பின்னால் வரும்படி, நிலத்தில் இருக்கச் சொன்னேன். மான் மேய்ந்துகொண்டிருந்தது. தலை ஓயாமல் அசைந்தது. நாங்கள் அமுக்கவில்லை. எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் முடுக்கிய சத்தம் கேட்டதும் மான் தலையைத் தூக்கி, ஒரு முன்னங்காலை மடித்தபடி அப்படியே உறைந்து நின்றது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அவன் மூன்று படம் எடுத்தான். பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணில் வானத்தின் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது, வாயில் ஒரு புல் தொங்கிக்கொண்டிருந்தது.